விளக்கு குளிர்ந்த வாடை

எங்கள் தாத்தா இறந்துபோனதற்கு டாக்டர் ஒரு காரணம் சொன்னார், அத்தை ஒரு காரணம் சொன்னாள். டாக்டர் சொன்னது இங்கிலீஷில் இருந்ததால் எனக்கு மறந்துவிட்டது. அத்தை சொன்னது மட்டும் இன்றைக்கும் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. முத்தாண்டிக்குப்பத்தில் இருந்தாள். தாத்தா கடைசிக் காலத்தில் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் படுத்திருந்தார், அங்கேயேதான் போனார். துக்கத்துக்கு வந்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அத்தை சொன்னாள்:

“எனக்குப் போன மாசம் பாக்க வந்தப்பவே தெரியும்டி. சாமி வெளக்க குளிர வெச்சிட்டு, வாட வருதாப்பான்னு கேட்டேன். ஒண்ணும் வர்லியேன்னாரு. குளிர்ந்த வெளக்கு வாட யாருக்குத் தெரியலயோ, அவங்களுக்கு நாளு முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம்.”

விளக்கை அணைப்பது என்று எங்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். குளிர வைப்பது என்பார்கள். பூவால் திரியை அமுக்கியதும் மெல்லிசாக ஒரு புகை எழும்பும். எண்ணெயும் கருகிய திரியும் கலந்த ஒரு வாடை. அது தெரியாமல் போனால் சாவு. பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அம்மாவும் அங்கேதான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். நான் அவளுடைய புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன் அப்போது.

அன்றிலிருந்து எங்கே விளக்கைக் குளிர வைத்தாலும் ஓடிப்போய் மூக்கை நீட்டுவேன். வாடை வரும். சரி, இன்றைக்கு இல்லை என்று திரும்பி வருவேன். பயம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. பரீட்சைக்குப் பயந்தே பத்தாவதோடு நின்றவள் நான். இப்போதும் வெளியே கிளம்பினால் பாதித் தெரு போய்விட்டு, கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவள்தான்.

அம்மாவுக்கு அந்த மாதிரி எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. அவள் மூக்கு எங்கள் பிளாக் முழுவதும் பேர்போனது. கொதிக்கிற குழம்புக்கு மேலே ஒரு தரம் குனிவாள். “உப்பு பத்தல” என்று ஒரு சிட்டிகை போடுவாள். வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பால் பொங்கப்போவதை இங்கிருந்தே குரல் கொடுத்துச் சொல்லுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே என்னைப் பிடித்து உச்சியில் மூக்கை வைத்து ஒரு இழு இழுப்பாள். “இன்னிக்கு கிரவுண்டுல ஆடினியாடி? வெயில் வாசன அடிக்குது” என்பாள். சில நாள் “யாரு புளியங்கா குடுத்தது?” என்பாள். அது எப்படித் தெரியும் என்று எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் அந்த ஒரு இழுப்புக்குப் பிறகுதான் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று எனக்கே தெரியும்.

அடுத்த வருஷம் சித்திரையில் ஒரு காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் வந்துதான் போனது. அம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்து, கஞ்சியும் மாத்திரையுமாகக் கிடந்து, பிறகு எழுந்து நடமாட ஆரம்பித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்பா ஷிஃப்டுக்குப் போகத் தொடங்கினார்.

எனக்கு மட்டும் ஒன்று சரியாகவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அவள் என் முடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, “போயி மூஞ்சி கழுவு” என்பாள். அவ்வளவுதான். மறுநாளும் அப்படித்தான். நான் ஏதோ நாறுகிறேன் என்று முடிவு செய்தேன். சோப்பை அதிகமாகத் தேய்த்தேன். பவுடரைக் கொட்டிக்கொண்டு போனேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், “இன்னாடி, மாவு மிஷின்லேருந்து நேரா வர்றியா?” என்று கேட்டாள். மூக்கை வைக்க வேண்டியவள் மட்டும் வைக்கவில்லை.

விஷயம் பலாப்பழத்தால் வெளியே வந்தது. ஆனி மாதம் அத்தை யாரிடமோ ஒரு பழத்தைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் அப்பா அதைச் சாக்கோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பலாப்பழத்தை ஒளித்து வைக்க முடியுமா? நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே வாசனை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. வீட்டுக்குள் அம்மா அந்தக் கட்டில் மேலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

மதில் பக்கமிருந்து அடுத்த வீட்டு அக்கா, “என்னக்கா, பழத்த எப்ப அறுக்கப் போறீங்க? எங்களுக்கு இங்க வேலையே ஓடல” என்று சிரித்தாள்.

அம்மாவும் சிரித்தாள். “சாயங்காலம் அறுக்கலாம்” என்றாள். சொல்லிக்கொண்டே அவள் கண் அடுப்படி, பரண், கதவு மூலை என்று பழத்தைத் தேடியது. கடைசியில் என்னைப் பார்த்தது. நான் கட்டிலுக்கு அடியில் கை காட்டினேன்.

அம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டு, குனிந்து சாக்கைப் பார்த்தாள். கிட்டத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, “அப்பாகிட்ட சொல்லாத, என்னா? சரியாயிடும். அத்தை காதுக்குப் போச்சுன்னா வேற வென வேணாம்” என்றாள்.

நான் தலையாட்டினேன். ஆனால் அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் முடிந்ததும் திரியை நானே அமுக்கிவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல, “ஏதாச்சும் வாட வருதாம்மா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வரலியே” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. அம்மா சாகப்போகிறாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் சொன்னால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். அம்மாவிடம் சொன்னால் அவள் பயந்தே செத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது சொல்லலாமென்றால், வாயால் சொன்னதும் அது நிசமாகிவிடும் போல இருந்தது. எல்லோரும் டிவி பார்க்கும்போது நான் அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா இருக்கிற இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். ரசம் வெறும் புளித்த வெந்நீராக இருந்தது. கண்ணையும் மூடிக்கொண்டு கொய்யாவைக் கடித்தேன். பச்சை உருளைக்கிழங்குக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. நாக்கு இவ்வளவு முட்டாளா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நான் விரலை எடுத்ததும் கொய்யா ஓடிவந்துவிடும். கொரோனா வந்த வருஷம் எனக்கும் கொஞ்ச நாள் மூக்குப் போனபோதுதான், எடுப்பதற்கு விரலே இல்லாமல் இருப்பது எப்படி என்று தெரிந்தது. எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவேயில்லை.

அம்மா சமையலைக் கண்ணுக்கு மாற்றினாள். அதற்கும் ஒரு நாள் காரணமாக இருந்தது. கேசரிப் பவுடர் தீர்ந்துபோய் வெள்ளையாகவே கேசரி கிண்டிவிட்டாள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னா இது, உப்புமாவுல சக்கரய கொட்டிட்டியா?” என்றார். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிப் பவுடர் வாங்கிவரச் செய்து, மிச்சம் இருந்த அதே கேசரியில் கலந்து, சூடாக்கி மறுபடி வைத்தாள். “இதான்டி கேசரி!” என்றார் அப்பா. அம்மா கரண்டியோடு அவரையே பார்த்தாள். அன்றிலிருந்து சாம்பார் மஞ்சளாகப் பளபளத்தது. குழம்பில் எண்ணெய் சிவப்பாக மிதந்தது. உப்பும் புளியும் மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வாள், அது அவளுக்குத் தெரிந்தது. தாளிப்புக் கருகாமல் பார்ப்பதற்கு நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். “கொஞ்ச நாளா கொழம்பு பாக்கவே ஜோரா இருக்கு” என்று அப்பா சொல்லுவார். பார்க்க என்று அவர் சொன்னதை அம்மா கவனித்தாளா என்று தெரியாது.

ஆடியில் தாத்தாவுக்கு வருஷப் படையல் வந்தது.

காலையிலேயே அம்மா எனக்குச் சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றிவிட்டாள். நான் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனதும், “இன்னிக்கு எண்ணெ வெக்கக்கூடாதுடி, படையல் நாளு” என்று வாங்கி அலமாரியில் வைத்தாள். காய்ந்த தலையோடு நான் திரிந்துகொண்டிருந்தபோது அத்தை வந்து இறங்கினாள். கையில் ஒரு துணி மூட்டை. தாத்தாவுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர், அதுவும் உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்திலி. எங்கள் வீட்டில் போனவருக்கு எது பிடிக்குமோ அதைத்தான் படைப்பார்கள். அத்தைக்கு முன்னால் கருவாடு வீட்டுக்குள் வந்துவிட்டது.

“பஸ்ஸுல ஒரே கூட்டம்டி” என்றாள் அத்தை. “ஆனா நான் ஏறினதும் எனக்கு மட்டும் எப்படி எடம் உட்டாங்கன்ற! ரெண்டு பக்கமும் எழுந்து போயிட்டாங்க. வயசானவங்களுக்கு இன்னும் மரியாத இருக்கு.”

அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

அத்தை வந்ததும் சட்டம் போட்டாள். “வாயில வெச்சும் பாக்கக்கூடாது, மோந்தும் பாக்கக்கூடாது. செத்தவங்க இன்னாத்த திங்கறாங்க? வாசனையதான் திங்கறாங்க. மொதல்ல அவங்க வாசனைய தின்னுட்டு, மிச்சத்த நமக்கு உடுவாங்க.”

அப்படியானால் இத்தனை நாளாக அம்மா தட்டில் வாசனையைத் தின்றுகொண்டிருந்தது யார்? தாத்தாதானே? அவர் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாரா? சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். பொட்டும் மாலையுமாக, பசியோடு இருப்பது போலத்தான் தெரிந்தார்.

அடுப்படியில் அம்மா புளியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை கூடத்திலிருந்து குத்துவிளக்கைக் கேட்டாள். பிறகு திரி கேட்டாள். பிறகு பெரிய தாம்பாளம் எங்கே என்றாள். அம்மா போய்ப் போய் வந்தாள். கடைசியாகத் திரும்பி வந்தவள் குழம்பைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கை உப்பு ஜாடிமேல் இருந்தது.

“உப்பு போட்டனாடி?” என்றாள் மெதுவாக.

எனக்குத் தெரியவில்லை. நான் பூ கிள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போலக் குழம்பின்மேல் குனிந்தாள். ஆவி அவள் முகமெல்லாம் படிந்தது. நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. விரலால் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தால் தீர்ந்தது. ஆனால் அது படையல். விரலைக் குழம்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டு அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“நீ மோந்து பாரு” என்றாள்.

நான் பயந்து போனேன். தாத்தாவுக்கு முன்னால் நான் வாசனையைத் தின்றால் அவர் கோபத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? ஆனால் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வேறு வழியில்லை. மனசுக்குள் தாத்தாவிடம் கொஞ்சமாக என்று கேட்டுக்கொண்டு முகர்ந்தேன். கருவாடு, பூண்டு, கத்திரிக்காய், கறிவேப்பிலை எல்லாம் வந்தது. உப்பும் வந்தது போலத்தான் இருந்தது. நிசமாகவே இருந்தது. அம்மாவுக்கு முன்னெல்லாம் வந்ததே, எனக்கு மட்டும் வராதா என்ன?

“போட்டிருக்கம்மா” என்றேன்.

படையல் நன்றாகத்தான் நடந்தது. சூடம் காட்டினோம். மதில்மேல் வைத்த சோற்றைக் காக்கை வந்து எடுத்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இலை போட்டு உட்கார்ந்தோம். குழம்பு இலையில் விழுந்ததும், “பாரேன், நெறத்த பாத்தாலே நாக்குல தண்ணி ஊறுது” என்றாள் அத்தை. ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பு முழுவதையும் எடுத்துச் சோற்றில் போட்டு, தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தார்.

“ஏன்டி” என்றாள் அத்தை, “உசுரோட இருக்கறப்பதான் பிரஷர்னு டாக்டரு உப்பு போடக்கூடாதுன்னாரு. செத்தப்புறமுமா எங்கப்பாவுக்குப் பத்தியம்?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. “மறந்துட்டேங்க அண்ணி” என்று மட்டும் சொல்லி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். மூடி கீழே விழுந்து உருண்டது.

அதோடு முடிந்திருந்தால் முடிந்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஒரு பூவை எடுத்துக்கொண்டு விளக்கிடம் போனாள். நான் தூணைப் போல நின்றேன். திரியை அமுக்கினாள். புகை வளைந்து மேலே போனது.

“நெய் வெளக்காச்சே” என்றாள் அத்தை மூச்சை இழுத்து. “வாசன எப்படித் தூக்குது பாத்தியா?”

“ஆமாங்க அண்ணி” என்றாள் அம்மா.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. “பொய்யி!” என்று கத்தினேன். “அம்மாவுக்கு ஒரு வாடையும் தெரியாது. பலாப்பழம்கூட தெரியாது. அம்மா தாத்தா மாதிரி செத்துடும்!”

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கேவினேன். அம்மா என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாதான் கடைசியில், “எப்பலேருந்து?” என்று கேட்டார்.

“ஜொரம் வந்ததிலேருந்து.”

“ஏன்டி சொல்லல? ஷிஃப்டு மாறி மாறித் தின்னு என் நாக்குதான் மரத்துப்போச்சுன்னு நான் நெனச்சிகினு இருக்கேன். கேன்டீன்ல எல்லாம் ருசியா இருக்கு, வூட்டுக்கு வந்தா போயிடுது. டாக்டரப் பாக்கலாமான்னுகூட இருந்தேன்.”

அத்தை அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்தாள். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டு, கண்ணில் நீர் வர எங்களைப் பார்த்தாள்.

“எனக்கு மட்டும் தெரியுதா இன்னா?” என்றாள்.

“இன்னாக்கா சொல்ற? இப்பதான தூக்குதுன்ன?”

“பொகைய பாத்தேன்டா. பொக வந்தா வாட வராமலா இருக்கும்? இந்தப் பொடி போட ஆரம்பிச்சி எத்தினியோ வருசமாச்சி, பூவும் ஒண்ணுதான் கருவாடும் ஒண்ணுதான் எனக்கு. நா செத்தா பூட்டேன்?” பிறகு அம்மாவைப் பார்த்தாள். “என் நாக்குல மிச்சம் இருக்கறதே உப்பு, புளி, காரம். அதுலயும் ஒண்ண உருவிட்டியேடி படுபாவி!”

“அப்ப தாத்தாவுக்குச் சொன்னது?” என்று நான் கேட்டேன்.

“அவரு போவப்போறாருன்னு ஊருக்கே தெரியும். அதுக்கொரு வெளக்கு வேணுமா? துக்க வூட்ல நாலு பேரு கேக்கறப்ப ஏதாச்சும் சொல்லணும் இல்ல, குட்டி.”

அப்பா சத்தமாகச் சிரித்தார். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தேன். அம்மா மட்டும் அப்படியே சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பயம் போன பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பயம் என்னுடையது மட்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பின்கட்டில் இரண்டு பேரும் பாத்திரம் தேய்த்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். அத்தை ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணால தின்னு, கொழம்பு செவப்பா இருந்தா நாக்கு தானா நம்பிக்கும், பழகிடும் என்றாள். தேய்க்கிற சத்தம் நின்றது.

“கொழம்பு பழகிடுங்க அண்ணி” என்றாள் அம்மா. “புள்ள தல?”

அத்தை தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் தலையில் என்ன குறை, பேன் வந்துவிட்டதா என்று நான் விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தையை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் உச்சியில் மூக்கை வைத்தாள். நீளமாக இழுத்தாள். விட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். நான் மூச்சு விடாமல் நின்றேன்.

“வாசன வருதாம்மா?”

“வருதுடி” என்றாள், முகத்தை எடுக்காமல். “தேங்காண்ணெ வாசன.”

நான் உள்ளே ஓடிப்போய் அப்பாவிடம், அம்மாவுக்கு மூக்கு வந்துவிட்டது என்று சொன்னேன். காலையில் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி வைத்தவள் அவள்தானே, எண்ணெய் வைக்காததை அதற்குள் மறந்துவிட்டாளே என்று மட்டும் ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டேன்.